மேற்கையில் போட்ட குழாய்

இன்று காலை லா சப்பல் ஆய்வுகூடத்தில் மகளுக்கு இரத்தப் பரிசோதனை. தாதி அவளுடைய கையைத் துடைத்த மருந்தின் மணம் மூக்கில் ஏறியதும், உம்முடைய மகனோடு நீரும் இவளோடு நானும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் வார்டு நினைவுக்கு வந்துவிட்டது. நீர் கண்மூடி இரண்டு வருடமாகிறது. அந்த வார்டில் கண்விழித்த களைப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

மகளுக்கு அப்போது ஐந்து வயது. கால் எலும்பில் கிருமி. பல வாரங்கள் நாளத்தின் வழியாக மருந்து ஏற்றவேண்டும் என்றார்கள். புறங்கையில் போட்ட சின்னக் குழாய் இரண்டு மூன்று நாளுக்கு மேல் நிற்கவில்லை. கை வீங்கும், கழற்றி மற்றக் கையில் குத்துவார்கள். தாதியின் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டாலே அவள் போர்வைக்குள் ஒளிந்துகொள்வாள்.

மேற்கையில் நீளமான குழாய் போடலாம், அது வாரக்கணக்கில் இருக்கும் என்று மருத்துவர் சொன்னபோது நான் மறுத்தேன். நெஞ்சுக்குக் கிட்டவரை போகும் என்பது மட்டும்தான் எனக்கு விளங்கியது. அவர் போனதும், அதுவரை முகம் பார்த்துச் சிரிப்பதோடு நின்றிருந்த நீர், உம்முடைய மகனின் சட்டைக் கையை உயர்த்திக் காட்டினீர்.

"இஞ்சை பாரும். இவனுக்கும் அதுதான். ரெண்டு கையாலயும் விளையாடுறான்."

"போடேக்க நோகாதே?"

"முகத்திலை மூடி வைச்சு ஒரு வாயு குடுப்பினம். பெரிசா அழேல்லை." அவனுடைய சட்டைக் கையை இறக்கிவிட்டீர். "ஆனா உமக்கு மறைக்கேலாது. முதல் போட்டதிலை கிருமி பிடிச்சு, காய்ச்சல் வந்து கழட்டினவை. தொடுறவை கை கழுவினமோ எண்டு நீர் பாக்கவேணும்."

"அப்ப எது நல்லம்?"

"கொஞ்ச நாளுக்கெண்டால் சின்னது காணும். இவ்வளவு நாளுக்கெண்டால் நான் இதைத்தான் கேப்பன்."

அந்தக் காய்ச்சலையும் சொன்னதால்தான் உம்மை நம்பினேன். மறுநாள் சம்மதித்தேன். போட்ட அன்று மகள் அயர்ந்து நித்திரை கொண்டாள். நானும் நாற்காலியிலேயே உறங்கிப்போனேன். நீர் போர்த்துவிட்டது விடிந்தபிறகுதான் தெரிந்தது. மருந்து முடியும்வரை அந்தக் குழாய் நின்றது.

சில வருடங்களில் உமக்கே நோய் வந்தது. மருந்து ஏற்ற நெஞ்சுத் தோலுக்குக் கீழே குழாய் வைத்தார்கள். பார்க்க வந்த என்னிடம், "பிள்ளையள் எவ்வளவைத் தாங்கியிருக்குதுகள் எண்டு இப்பதான் விளங்குது," என்று அழுதீர். நான் உம்முடைய போர்வையை இழுத்துவிட்டேன்.

உம்முடைய மகன் லா கூர்னெவில் தகப்பனோடு இருக்கிறான். சனிக்கிழமைகளில் இங்கே சாப்பிட வருவான். நான் தமிழில் கேட்பதற்குப் பிரெஞ்சில் பதில் சொல்வான். வேலை முடிந்து வந்த கால் கடுக்க, அவனுக்காக இன்னுமொரு கறி வைக்கிறேன். உம்மைப் பற்றி அவன் கேட்டால், நீர் அழுததையும் மறைக்காமல் சொல்கிறேன்.