டேப் ஒட்டிய இடம்

பிளாக் ரிவர், ஜமைக்கா
ஈஸ்டர் திங்கள்

அன்புள்ள கடீனுக்கு,

ஒரு வருஷமாக ஒரு வரிகூட எழுதாதவள் எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் படி. நீ அமெரிக்காவுக்கு விமானம் ஏறிய அன்று வழியனுப்ப வராமல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே ஒர்லீனாதான்.

நேற்று சர்ச்சில் உன் அம்மா மிஸ் வெர்னா வழக்கம்போல ஈஸ்டர் பன்னும் சீஸும் என் கையில் திணித்தார். "எம் பொண்ணு அங்க காலேஜ் ஓட்ட டீமை விட்டு விலகப் போறாளாம்டி. நாலு பேரு ஜெயிச்சதைக் கெடுத்தவளுக்கு ஓட்டம் எதுக்குன்னு போன்ல அழுவுறா" என்றார். பன்னை அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போன வருஷம் ரிலே பைனலில் நாம்தான் முதலில் வந்தோம். மைதானமே கத்தியது. நீ மட்டும் நேராக நடுவரிடம் போய், "கைமாத்துற கோட்டைத் தாண்டித்தான் சார் பேட்டன் கட்டையை வாங்கினேன். நான் அவசரப்பட்டுக் கிளம்பிட்டேன்" என்றாய். தங்கம் போனது. திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. "பெரிய யோக்கியசிகாமணி! உன்னை யாருடி கேட்டா?" என்று முதலில் கத்தியவள் நான்.

ஆனால் நீ அவசரப்படவில்லை. உன் கையில் பேட்டனைக் கொண்டுவந்து தரவேண்டியவள் நான். அன்று காலை நான் இருநூறு மீட்டர் ஓடிக் களைத்திருந்தேன். நான் எங்கே வந்ததும் நீ கிளம்பவேண்டும் என்று அடி அளந்து தரையில் டேப் ஒட்டும்போது, "உன் கால் அசந்து கிடக்கு, ரெண்டு அடி கிட்ட ஒட்டிக்கிறேன்" என்றாய். "என்னை நொண்டின்னு நெனச்சியா? எப்பவும் ஒட்டுற எடத்துலயே ஒட்டு" என்று நான்தான் வீம்பு பிடித்தேன். பிறகு பைனலில், கோட்டுக்குள் உன்னை எட்டிப் பிடிக்க என்னால் முடியவில்லை. கோடு தாண்டியதை நானும் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

நடுவரிடமோ கோச்சிடமோ நீ என் பெயரைச் சொல்லவே இல்லை. அதுதான் என்னை அரிக்கிறது.

இன்று காலை நம்மோடு ஓடிய மற்ற இரண்டு பேர் வீட்டுக்கும், கோச் வீட்டுக்கும் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒருத்தி கதவை அறைந்து சாத்தினாள். கோச் பிரிசெட் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதை அவகிட்ட சொன்னியா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது உன் இடத்தில் வேறொருத்தி நிற்கிறாள். ஒவ்வொரு முறையும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். நீ ஒருநாளும் பார்த்ததில்லை. நான் வந்துவிடுவேன் என்று கையை மட்டும் பின்னால் நீட்டுவாய். உன்னை ரொம்பத் தேடுகிறதடி.

என்னை மன்னிக்கக்கூட வேண்டாம். ஓட்டத்தை மட்டும் விட்டுவிடாதே. கடவுள் உன் கால்களைக் காக்கட்டும். கொஞ்சம் தாமதமாகிவிட்டது, ஆனாலும் வந்துகொண்டிருக்கிறேன். கையை நீட்டு.

உனக்குப் பின்னால் ஓடி வரும்,
ஒர்லீனா