நாப்பது பேர் போட்டாச்சு

ஏலத்தோட்டம், போடிமெட்டுக்கு மேலே
13.7.2024

என் அன்பு மருமகள் முத்துப்பிரியாவுக்கு, தாய்மாமன் அமாவாசை எழுதுவது. இங்கே நானும் மழையும் அட்டைகளும் சுகம். பெங்களூரில் நீயும் சுகம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன், நீயாக எழுதித்தான் தெரியவேண்டும் என்றால் எனக்கு வயசாகிவிடும்.

முதலில் ஒரு வழக்கு இருக்கிறது. பொங்கலுக்கு நீ வாங்கிக் கொடுத்த போனில் மாசச் சந்தா விளையாட்டு போட்டுக் கொடுத்தாய் அல்லவா, அதைப் பற்றி உன் ஆத்தாவிடம், "அதெல்லாம் மாமா மாதிரி ஆளுகளுக்கு. சீரியஸா ஆடுறவங்களுக்கு அது பத்தாது" என்று சொன்னாயாம். என் தங்கச்சி மகாராணி அதைச் சிலமலை வீட்டிலிருந்து, மலைக்கு ஜீப்பு ஓட்டுகிற பேச்சிமுத்துவிடம் சொல்லி விட்டிருக்கிறாள். கொண்டை ஊசி வளைவுகளில் வார்த்தையெல்லாம் உதிர்ந்து, "அண்ணே, முத்துப்பிரியா சீரியஸாம்" என்பது மட்டும் மேலே வந்து சேர்ந்தது.

இடுப்பில் சாக்குக் கட்டியிருந்த கோலத்திலேயே ஓடினேன் ஆத்தா. அரை மலை இறங்கிவிட்டேன். நடுவில் ஒரு காட்டெருமை மறித்தது. "என் மருமக ஆஸ்பத்திரியில கெடக்கா, வெரசா வழிய விடு" என்றேன். அது தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கியது. அப்புறம் சிக்னல் கிடைத்து உன் ஆத்தாவிடம் பேசி, விஷயம் விளங்கி, மறுபடி ஏறினேன். எருமை அங்கேயே நின்றது. அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

இப்போது கேள். எட்டாப்பு வரை படித்தவன், அதற்கு மேல் என்னைத் தாங்குகிற பள்ளிக்கூடம் இந்தத் தாலுகாவில் இல்லை. ஆனாலும் சொல்கிறேன், இந்தச் சந்தா விளையாட்டு சாமானியப்பட்டதில்லை. முன்னே ஓசியில் ஆடினபோது ஒரு மிட்டாய் உடைப்பதற்குள் மூன்று விளம்பரம் வரும். வைரம் வாங்கு, உயிர் வாங்கு என்று மடியைப் பிடித்து இழுக்கும். இதில் அந்தப் பிடுங்கல் கிடையாது. கேபிள்காரனுக்குக் கட்டுகிற மாதிரி கட்டிவிட்டால் மொத்தக் கடையும் நம்முடையது. கீழே போகும்போது இறக்கிக்கொண்டால் மேலே சிக்னலே வேண்டாம்.

அதிலும் "ஒத்தையடி" என்று ஒன்று இருக்கிறது. மட்டக்குதிரைகளை மூட்டையோடு மலையேற்ற வேண்டும். ஒரே மூடுபனி, கண்ணுக்கு எதுவும் தெரியாது. முன்னால் போகிற குதிரையின் மணிச் சத்தத்தைக் கேட்டுத்தான் வழி பிடிக்கணும். தப்பினால் சாகடிப்பதில்லை, பேசாமல் திருப்பிக்கொண்டு வந்து விடுகிறது. செய்தவன் யாரோ, அவன் கைக்கு ஒரு காப்புப் போடலாம். நான் ஒரே மூச்சில் உச்சிவரை ஏறி முடித்துவிட்டேன். போடிமெட்டு டீக்கடையில் நான் ஆடுவதைப் பார்த்த வெள்ளைக்காரன் ஒருவன் தொப்பியைக் கழற்றினான்.

பதிலைக் காகிதத்தில் போடு. தாய்மாமனுக்கு விரலால் தட்டி அனுப்புவது மரியாதையில்லை.

உன் பாசமுள்ள மாமன்
அமாவாசை


பெங்களூர்
22.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தைப் படித்துச் சிரித்தேன்.

மாமா, நீங்கள் ஒத்தையடியின் உச்சிக்கு ஏறவில்லை. ஏறியிருந்தால் அங்கே என் பேரைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்தது நான். நானும் அருள்மொழியும் இன்னொரு பெண்ணும், மூன்றே பேர் உள்ள கம்பெனி. ஜெயித்த பிறகு சொல்லலாம் என்று வீட்டில் மறைத்துவிட்டேன்.

ஜெயிக்கவில்லை. பெரிய கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்களுக்காகத்தான் அதை ஆரம்பித்தோம். முடிக்க வழியில்லாமல் போன் சந்தாவுக்குக் கொடுத்தோம். நான் மதிக்கிற ஆட்டக்காரர்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை. "போன் விளையாட்டா, அதுவும் சந்தாவிலா, பஸ்சுக்குக் காத்திருக்கும்போது பார்க்கலாம்" என்று எழுதினார்கள். அவர்களைத் திட்டவும் முடியவில்லை. நேற்றுவரை நானும் அப்படிப் பேசினவள்தான். சந்தா என்பது கல்யாணப் பந்தி மாதிரி மாமா. இலை நிறைய வைப்பார்கள், எதையும் யாரும் முழுதாகச் சாப்பிட மாட்டார்கள். எங்களுடையது இலை ஓரத்து ஊறுகாய்.

செப்டம்பர் முடிவில் சந்தாக் கம்பெனி கணக்குப் பார்க்கும். ஆட்களெல்லாம் திரும்பத் திரும்ப வந்து ஆடியிருந்தால் வைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் எடுத்துவிடுவார்கள், நாங்களும் கடையை மூடிவிட்டு ஆளுக்கொரு வேலை தேடுவோம்.

காப்பு போடலாம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியை மட்டும் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். ஆத்தாவிடம் சொல்லவேண்டாம்.

அன்புடன்
முத்துப்பிரியா


ஏலத்தோட்டம்
3.8.2024

என் தங்கமான மருமகளுக்கு,

உச்சிக்குப் போனேன். அந்த நேரம் பார்த்துப் பனி மறைத்ததால் பேர் தெரியவில்லை. அதை விடு.

பந்தியைப் பற்றி எழுதினாய். உன் மாமன் மோருக்குப் பிறகும் இலையை மூடாமல் உட்கார்ந்திருக்கிற ஆள். சாப்பிடத் தெரியாதவன் எந்திரிச்சுப் போனால் சமையல்காரிக்கு என்ன குறைச்சல்?

ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர், எல்லார் காதிலும் உன் குதிரை மணிதான். முதலில் என்னைப் பார்த்து, "கங்காணிக்கு என்ன, மாடு வாங்கிட்டாரா" என்று கேட்டார்கள். இப்போது காயெடுக்கிற பொம்பளைகள், மருந்தடிக்கிற பையன்கள், ஸ்டோரில் காய் உலர்த்துகிற சேட்டன் வரை ஆளுக்கொரு போனில் ஆடுகிறார்கள். பேச்சிமுத்து கீழே ரீசார்ஜோடு சந்தாவும் சேர்த்துப் போட்டுக் கொண்டாந்து கொடுத்துவிட்டான்.

காயெடுக்கிற மருதாயியை உனக்குத் தெரியாது. பள்ளத்தில் பாதை ரெண்டாகப் பிரிகிற இடம் வருமே, அங்கே அவள் சிக்கிக்கொண்டாள். நான் வலப்பக்கம் என்றேன். "சொன்னா உன் போனப் பிடுங்கி அடுப்புல வச்சுருவேன். நானா கண்டுபிடிச்சுக்கிறேன், நீ உன் சோலியப் பாரு" என்கிறாள். அவளும் பக்கத்து வீட்டுக்காரியும் எந்தக் குதிரையை முன்னால் விடுவது என்பதில் சண்டை போட்டு இன்னமும் பேச்சு வார்த்தை இல்லை. நீ மதிக்கிற பெரிய ஆட்டக்காரர்கள் இதற்கு மேல் என்ன கிழிக்கிறார்கள் என்று கேட்டு எழுது.

கணக்கைப் பற்றிக் கவலைப்படாதே. அந்த வேலை என் கையில். போன ஞாயிறு மட்டும் நாப்பது பேர் போட்டாச்சு. வருகிற வாரம் இன்னும் கூடும். உன் மாமன் நினைத்தால் எத்தனை பேர் வேண்டுமானாலும் போடுவான்.

இப்படிக்கு
மலையையே கையில் வைத்திருக்கும் மாமன்
அமாவாசை


பெங்களூர்
21.8.2024

மாமாவுக்கு,

சந்தாக் கம்பெனியிலிருந்து எழுதியிருக்கிறார்கள். போடி ஊருக்குள் ஒரே இடத்திலிருந்து, ஞாயிற்றுக்கிழமை ஒரே நேரத்தில், நாற்பது போன்கள் மொத்தமாக ஆடிய கணக்கைக் காட்டுகின்றனவாம். அங்கே நாற்பது பேர் கூடி ஆடுகிறார்கள் என்று யார் நம்புவார்கள்? ஆளே இல்லாமல் கள்ளக் கணக்கு ஏற்றுகிறோம் என்று சந்தேகப்படுகிறார்கள். நிரூபிக்காவிட்டால் செப்டம்பர்வரைகூட வைத்திருக்க மாட்டார்கள்.

அருள்மொழி என்னிடம், "உங்க ஊருதானே பிரியா, யாரையாவது ஏற்பாடு பண்ணுனியா?" என்று கேட்டாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். "நாப்பது பேர் போட்டாச்சு." "எத்தனை பேர் வேண்டுமானாலும் போடுவான்." இல்லாத பேர்களைப் போட்டு ஏற்றிவிட்டீர்களா மாமா? மருதாயியும் அந்த எருமை மாதிரித்தானா?

எருமை வரை, வெள்ளைக்காரனின் தொப்பி வரை, உங்கள் கதைகளை நான் ரசித்தேன். இது என் பிழைப்பு. எனக்கு உதவுவதாக நினைத்து இனி எதுவும் செய்யாதீர்கள். எழுதவும் வேண்டாம்.

முத்துப்பிரியா


ஏலத்தோட்டம்
31.8.2024

முத்துப்பிரியாவுக்கு,

எழுதவேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். இதில் எருமை கிடையாது.

தோட்டத்தில் பேர் என்றால் வருகை. காலையில் ஆள் வந்து நின்று, நான் கண்ணால் பார்த்தால் ஒரு பேர். பாதி நாளில் போனால் அரைப் பேர். வராத ஆளுக்குப் போட்டால் அது கள்ளப் பேர். கள்ளப் பேர் போட்ட கங்காணிக்கு இந்த மலையில் எவனும் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டான். நான் வாயால் ஆயிரம் சொல்வேன். கள்ளப் பேர் ஒன்றுகூடப் போட்டதில்லை.

உன் சந்தாவுக்கு வாரம் ஒருக்கா போன் சிக்னலுக்குப் போய் வரணுமாம், இல்லாவிட்டால் விளையாட்டு திறக்காது. மேலே சிக்னல் இல்லை. நாற்பது ஆளும் கீழே போகப் பேச்சிமுத்து ஜீப்பில் இடமில்லை, காய் லோடு ஏறிவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை போன்களை மட்டும் வாங்கி, சாக்கில் போட்டு அனுப்புகிறேன். அவன் அங்கே சிக்னல் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவருவான். ஆளுக்குப் பதில் போன் போய் நிற்கிறது. நாங்கள் அதையும் பேர் போடுவது என்றுதான் சொல்கிறோம்.

சாக்கு ஞாயிறு மத்தியானம் போடி ஜீப்பு ஸ்டாண்டில் இருக்கும்.

அமாவாசை


பெங்களூர்
25.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை போடி வந்திருந்தேன். ஆத்தாவைக்கூடப் பார்க்காமல் நேராக ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போனேன்.

பேச்சிமுத்து அண்ணன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "கங்காணி மருமகதானே? மூக்கப் பாத்தாலே தெரியுது" என்றார். சாக்கைக் கேட்டேன். முன் சீட்டில் குழந்தையைப் போல உட்கார வைத்திருந்தார். ஒவ்வொரு போனும் பாலிதீன் கவரில், மேலே பிளாஸ்திரி ஒட்டி ஆள் பேர் எழுதி. எல்லாம் உங்கள் கையெழுத்து. பிரித்ததும் குப்பென்று ஏலக்காய் வாசம்.

அவர் தன் போனிலிருந்து நெட்டைத் திறந்துவிட்டார். "இப்பப் பாரு வேடிக்கைய" என்றார். ஒரு போன் மணி அடித்தது, இன்னொன்று அடித்தது. நான்தான் அந்த மணிச் சத்தத்தைச் செய்தேன் மாமா, விட்ட இடத்திலிருந்து திரும்பக் கூப்பிடுவதற்காக. எங்கள் ஆபீசில் ஒரு போனில் ஒரு மணிதான் கேட்டிருக்கிறேன். சாக்கு முழுக்க நாற்பது குதிரைகள் ஒன்றாகத் தலையை ஆட்டின மாதிரி இருந்தது. டீக்கடையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"போன் இல்லாத அந்த அரை நாள் மேல எப்படியண்ணே இருக்கும்?" என்று கேட்டேன்.

"அத ஏன்த்தா கேக்குற. எழவு வீடு மாதிரி இருக்கும். நான் வளைவுல வர்றதுக்குள்ள ஓடியாந்து ஜீப்ப மறிச்சிருவாளுக. எல்லாருமே ரொம்ப சீரியஸு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறென்னவோவும் வந்தது.

மருதாயி அக்கா எனக்குச் சொல்லி விட்டதையும் சொன்னார். பள்ளத்தைத் தாண்டிவிட்டார்களாம். குதிரைக்கு ராத்திரி குளிராதா, முதுகில் ஒரு சாக்குப் போட்டு விடச் சொல்லு என்றார்களாம். விளையாட்டு வந்த நாளிலிருந்து ஒருவர்கூட என் குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அந்தச் சாக்கை அப்படியே படம் பிடித்து அனுப்பினேன். சந்தாக் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு போனின் ஆட்டத்தையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் தப்பி, வேறு வேறு நேரத்தில் ஏறியிருக்கிறது. இப்படித் தப்பித் தப்பித் திரும்ப வருகிற ஆட்களை அவர்கள் வேறெங்கும் பார்த்ததில்லையாம். நேற்று பதில் வந்தது. ஒத்தையடியை அடுத்த வருஷத்துக்கும் வைத்துக்கொள்கிறார்கள். அருள்மொழி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

போன் சந்தா சீரியஸ் ஆட்டக்காரர்களுக்குப் பத்தாது என்று சொன்னேன் அல்லவா, அந்தப் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். ஆட்டக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நான்தான் தெரியாமல் பேசினேன்.

ஜீப்பில் எனக்கு இடம் இருந்தது. பேச்சிமுத்து அண்ணன், "ஏறுத்தா" என்றுதான் சொன்னார். உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதின கையோடு உங்கள் முகத்தில் முழிக்கத் தைரியமில்லாமல், சாக்கைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். திட்டியாவது எழுதுங்கள் மாமா. எருமையோடு எழுதுங்கள்.

உங்கள் மருமகள்
முத்துப்பிரியா


ஏலத்தோட்டம்
5.10.2024

என் சிங்க மருமகளுக்கு, தாய்மாமன் அமாவாசை எழுதுவது. இங்கே மலை இறங்கவில்லை, நானும் இறங்கவில்லை.

உன் கடிதத்தை வாசலில் நின்று சத்தம் போட்டு வாசித்தேன். கேட்க வந்த கூட்டம் போடிமெட்டு வரை நின்றது. கேரளாப் போலீசு வந்து ஒழுங்கு பண்ணினார்கள். அந்த எருமையும் வந்து ஓரமாக நின்று, சாக்கில் மணியடித்த இடம் வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டது.

திட்டச் சொன்னாய். தாய்மாமன் திட்டினால் பலித்துவிடும், அதனால் திட்டுவதில்லை.

நேற்று மருதாயி உச்சிக்கு ஏறிவிட்டாள். லயமே அவள் வாசலில். பனி விலகியது. கல்லில் எழுத்து வந்தது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது, என்னிடம் நீட்டி, "யாரு பேரு போட்டிருக்கு, வாசி" என்றாள். நான் வாசித்தேன். அங்கே நின்றவர்களெல்லாம் என்னைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. நம்பமாட்டாய், மருதாயியைக் கேட்டுக்கொள்.

குதிரைக்குச் சாக்கு மறந்துவிடாதே, அவள் தினமும் கேட்கிறாள்.

இன்னொன்று. போன மாசம் பதினைந்தாம் தேதிக்கு, பேர் போடுகிற நோட்டில் கடைசி வரியில் உன் பேரையும் எழுதியிருக்கிறேன். நீ வந்து சாக்கைத் தொட்டதற்குப் பேச்சிமுத்து சாட்சி. ஆனால் பாதி வழி வந்து திரும்பிவிட்டாய். அதனால் அரைப் பேர்தான் போட்டிருக்கிறேன். மருமகள் என்பதற்காக முழுசாகப் போட முடியாது ஆத்தா. மிச்ச அரையை மேலே வந்து வாங்கிக்கொள்.

உன் மாமன்
அமாவாசை