கேம் மிஷினுக்கு வைத்த சந்தனம்

கோச்சடை,
வெள்ளிக்கிழமை

என் மகள் பவதாரிணிக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஐப்பசி மழைக்கு ஒழுகாத வீட்டில்தான் இருக்கிறோம். நீயும் அந்த அயர்லாந்துக் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். எல்லோரும் நலம் என்று எழுத மட்டும் எனக்குக் கை வரவில்லை தாயி. என்ன இது, அம்மா திடீரென்று பேனா பிடித்திருக்கிறாள் என்று பார்க்காதே. ஃபோனில் பேசினாலும் வாய்ஸ் மெசேஜ் போட்டாலும் உன் தம்பி காதில் விழும். இந்த வீட்டில் நான் முணுமுணுத்தாலே பீமாராவுக்குக் கேட்டுவிடும். அதனால் தையல் மிஷினில் உட்கார்ந்து, ஜாக்கெட் அளவு குறிக்கிற மாதிரி இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா டூட்டிக்குப் போகிற வழியில் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவார். படித்ததும் அழித்துவிடு.

அப்பாவுக்கு மறுபடியும் சோழவந்தான் ரூட் போட்டுவிட்டார்கள். வெற்றிலைக் கட்டோடு ஏறுகிறவர்களிடம் கத்திக் கத்தி, கண்டக்டர் தொண்டை வீட்டுக்கு வரும்போது கட்டிப்போய்விடுகிறது. முட்டி வலியோடுதான் ஓடுகிறார். லீவு போடுங்கள் என்றால் லீவு பின்னாடி தேவைப்படும்டி என்கிறார், எதற்கு என்று நானும் கேட்பதில்லை. கனகா சித்தி போன வாரம் வந்து போனாள். நீ எப்போது வருவாய் என்று கேட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆயுத பூசை அன்றைக்கு நான் ஒரு சாமானையும் விடமாட்டேன், உனக்குத் தெரியும். தையல் மிஷின், கத்தரிக்கோல், அப்பாவின் விசில், கிரைண்டர், பைக் என்று எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தேன். நீ தம்பிக்கு வாங்கி அனுப்பிய கையில் பிடித்து விளையாடுகிற அந்த கேம் கம்ப்யூட்டருக்கும் வைத்தேன். வைக்காமல் எப்படி இருப்பேன், அவனுக்கு இருக்கிற வண்டி வாகனம் அது ஒன்றுதானே. அதை வைத்துத்தான் யூடியூப்பில் லைவ் போட்டு கார் ஓட்டுகிறான். பார்க்கிற பிள்ளைகளுக்கு இவன் வீல்சேரில் இருப்பது தெரியாது. ‘அண்ணே, அவன முந்துங்கண்ணே’ என்று எழுதுவார்கள், இவனும் சிரித்துக்கொண்டே முந்துவான். அதை நினைத்துக் கொஞ்சம் தாராளமாகவே சந்தனத்தை வைத்துவிட்டேன். இடது பக்கம் கட்டை விரலால் தள்ளுகிற ஸ்டிக் இருக்கிறதே, அதன் தலையில் ஒரு பொட்டு, காற்றுப் போகிற ஓட்டைப் பக்கம் ஒன்று.

மறுநாள் அவன் கையில் எடுத்தால் இடது ஸ்டிக் வேலை செய்யவில்லை. வளைவில் கார் திரும்பாமல் நேரே போய் மோதுகிறது. பவா, நம் பீமா குரல் உயர்த்தி நீ கேட்டிருக்கிறாயா? அன்றைக்குக் கத்தினான். ஒன்ன எவன் சந்தனத்த அப்பச் சொன்னது, இம்புட்டு நாளா நல்லா இருந்ததக் கெடுத்துட்டியே என்றான். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை, ஒரு பொட்டுக்கு ஆகாத மிஷினா அது என்று திருப்பிக் கொடுத்தேன். அப்புறம் அடுப்படிக்குள் போய் அழுதேன். பஞ்சுக் குச்சியால் சுற்றிச் சுற்றித் துடைத்தும் பார்த்தேன், சரியாகவில்லை.

அப்பாவோடு டவுன்ஹால் ரோட்டில் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். அசாருதீன் என்கிறவர்தான் கழற்றிப் பார்த்தார். விளிம்பில் காய்ந்து இருந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, உள்ள ஒண்ணுமே எறங்கலம்மா, இது காந்தத்துல வேல செய்ற ஸ்டிக், லேசுல கெடாது என்றார். ஸ்டிக்கைச் சோதிக்கிற பக்கத்தைத் திறந்தார், திரையில் ஒரு வட்டமும் நடுவில் வெள்ளைப் புள்ளியும் வந்தது. ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளினாலும் புள்ளி வட்டத்தின் ஓரம் வரை போனது. என்னையும் தள்ளிப் பார்க்கச் சொன்னார். நான் சும்மா விரலை வைத்ததற்கே ஓடியது. சட்டையில் பொத்தான் போடுகிற பலம்கூட அதற்கு வேண்டாம் பவா. அப்பா முகத்தைப் பார்த்தேன், அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் தம்பியே அந்த வட்டத்தைத் திறந்து வைத்துத் தள்ளினான். புள்ளி நடுவிலிருந்து ஒரு நூல் அளவு நகர்ந்து, திரும்பவும் நடுவுக்கே வந்துவிட்டது. விரல் வெடவெடவென்று நடுங்கியது. நான் பின்னால் நின்று பார்த்ததை அவன் திரைக் கண்ணாடியில் பார்த்துவிட்டான் என்றுதான் நினைக்கிறேன். இன்னும் சரியாகலம்மா என்றான். நான் என்ன செய்வேன், ஆமாய்யா, சந்தனம் உள்ள எறங்கிருச்சாம், சாமான் வெளியூர்லருந்து வரணுமாம் என்று சொல்லிவிட்டேன். திரையை அணைத்தான். அப்புறம், அதான் நா அப்பவே சொன்னேன்ல என்று மட்டும் சொன்னான்.

அவனுக்கு முன்னாடியே தெரியும் பவா. பூசைக்கு முன்னாலேயே பேட்டரி போயிருச்சு, நெட் சரியில்லை என்று சொல்லி லைவைப் பாதியில் நிறுத்திக்கொண்டிருந்தான். அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னோடு சேர்ந்து ஓட்டும்போது தம்பி ரொம்ப மோதுறான், வைஃபையைப் பாருங்கம்மா என்று நீகூடச் சொன்னாய். என் சந்தனம் அவனுக்கு வாகாக வந்து மாட்டியது. பெரிய டாக்டர் அன்றைக்கே உன்னை வைத்துக்கொண்டுதானே சொன்னார், இந்தத் தசை நோய் காலில் தொடங்கிக் கைக்கு வரும், விரலும் விட்டுப்போனால் மூச்சைக் கவனிக்க வேண்டும் என்று. விடியக்காலையில் அவன் மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குகிறது. இப்போது தலையணையை உயர்த்தி வைக்கிறோம். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறோம், சும்மா செக்கப் என்று சொல்லியிருக்கிறோம். என் கையால் வைத்த சந்தனமே அதைக் கெடுத்திருக்கக் கூடாதா? ஆயுசுக்கும் என்னைத் திட்டட்டும் என்று இருந்திருப்பேனே.

கன்னத்தாலும் தோளாலும் அழுத்துகிற கண்ட்ரோலர் ஒன்று இருக்கிறது என்று நீ முன்பு சொன்னாயே, அதை இப்போது அனுப்பாதே. பெட்டியைப் பிரித்ததுமே அவனுக்குப் புரிந்துவிடும். அவனாகக் கேட்கட்டும். நீ கிறிஸ்துமஸ் லீவு வரைக்கும் காத்திருக்க வேண்டாம், முடிந்த மட்டும் சீக்கிரம் வா. ஏன் வந்தாய் என்று கேட்டால் என்னைப் பார்க்க வந்ததாகச் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ எடுத்த வேலையெல்லாம் நல்லபடியாக முடியட்டும், நூறு வயசுக்கு நோய் நொடி இல்லாமல் இரு என் கண்ணு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ணும்போது, அம்மாதான் சந்தனத்தைப் பூசி மிஷினைக் கெடுத்துவிட்டது என்று அவன் உன்னிடம் சொல்லுவான். அம்மா பாவம்டா என்று எனக்காகப் பரிந்து பேசிவிடாதே. அவனோடு சேர்ந்து நீயும் என்னைத் திட்டு. அவனுக்கு நன்றாகக் கேட்கிற மாதிரி திட்டு.

உன் அம்மா,
கா. பாண்டியம்மாள்