முழங்கையில் ஒரு கறுப்புத் திட்டு

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று வழக்கம்போல எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு வரவில்லை. எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பதறாதே, இடது கையால் எழுதுகிறேன். உன் தம்பிக்குப் பகல் ஷிப்டு மாற்றிவிட்டார்கள், வீட்டுச் சொந்தக்காரர் இன்னும் குழாயைச் சரிசெய்து தரவில்லை, வேறு விசேஷம் இல்லை.

போனில் நீ கேட்கும்போதெல்லாம் கைவலி பரவாயில்லை என்றேனே, அது பொய். ஆறு மாதமாக ஒரு பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்த இருட்டறையில் ஸ்கேன் கருவியை ஊரார் உடம்பில் வைத்து அழுத்தி அழுத்தித் தேய்ந்த கை. கொத்தனார் வருவார், பந்து விளையாடுகிற பிள்ளை வரும், முழங்கையில் வெளிப்பக்கம் சுரீரென்று இழுக்கிறது என்பார்கள். மணிக்கட்டைத் தூக்குகிற தசைகள் எல்லாம் ஒரே நாராகச் சேர்ந்து அங்கே இருக்கிற எலும்பு மேட்டில்தான் ஒட்டியிருக்கும். நல்ல நார் திரையில் வெள்ளையாக, வாரின தலைமுடி மாதிரி வரிவரியாகத் தெரியும், பிய்ந்த இடம் கறுப்பாகத் தெரியும். உள்பக்கம் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்குமே, அந்த நரம்பையும், பின்பக்கம் வீங்குகிற நீர்ப்பையையும் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன். ஊருக்கெல்லாம் பார்த்தவள் சொந்தக் கையைப் பார்க்கவில்லையா என்று கேட்பாய். பார்த்தேன்.

சாப்பாட்டு வேளையில் கதவைச் சாத்திக்கொண்டு, கருவியை இடது கையில் பிடித்து வலது முழங்கையில் வைத்தேன். கறுப்புத் திட்டு இருந்தது. எங்கள் வேலையில் ஒரு சங்கடம் உண்டு, கருவி லேசாகச் சாய்ந்தாலும் நல்ல நாரே கறுப்பாகத் தெரியும். பழக்கமில்லாத இடது கைதானே, சாய்த்துப் பிடித்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு வேறு நாளில் மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் சாய்வுதான் என்று முடிவுகட்டினேன். என்னிடம் வேலை பழகுகிற பெண் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

மூன்றாம் தடவை பார்த்தது போன செவ்வாய்க்கிழமை, அன்றைக்கு எடுத்த படத்தை அழிக்க மறந்துவிட்டேன். நோயாளி பெயர் கேட்கிற இடத்தில் மெஷின் சோதனை என்று போட்டிருந்தேன், அது மற்ற படங்களோடு பெரிய டாக்டரிடம் போய்விட்டது. அவர் அதற்கும் ரிப்போர்ட் எழுதிவிட்டு என்னைக் கூப்பிட்டு, இது யாருடைய கை, நார் முக்கால்வாசி பிய்ந்திருக்கிறது, என்ன வேலை பார்க்கிறாரோ அதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். என்னுடையதுதான் டாக்டர் என்றேன். மனுஷன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இனிமேல் என்னையே ஏமாற்றிக்கொள்ள வழியில்லையே கண்ணு.

அடுத்த மாதம் எட்டாம் தேதி ஆபரேஷன். மூன்று மாதம் கருவியைத் தொடக் கூடாது, அப்புறமும் பழையபடி வேலை பார்க்க முடியுமா என்றால் எலும்பு டாக்டர் பார்க்கலாம் பார்க்கலாம் என்கிறார். தலை வார, கொக்கி மாட்ட, எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். உன் தம்பியோ ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிறவன், அவனைக் கவனிக்கவே தனியாக ஒரு நர்ஸ் வைக்க வேண்டும். உன் அப்பா போன பிறகு நீ வருகிறேன் வருகிறேன் என்றபோதெல்லாம், வேண்டாம், சமாளித்துக்கொள்கிறேன் என்று உன் வாயை அடைத்தவள் நான். சமாளித்துச் சமாளித்து அலுத்துப்போய்விட்டேன்.

நீயும் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் கையை ஊன்றிக்கொண்டே உட்காராதே, வலி என்றால் என்னைப் போல மறைக்காதே. இரண்டு பேரும் குறைவில்லாமல் நூறு வயசு வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஆஸ்பத்திரி பாரத்தில், கூட இருப்பவர் யார் என்று ஓர் இடம் விட்டிருந்தார்கள். உன்னைக் கேட்காமலே உன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். வந்துவிடு.

என்றும் உன் நலனையே நினைக்கும்,
அம்மா