கப்பல் படம் போட்ட நோட்டு

சின்னவளின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே குளிர் குறைந்ததா? ஏல நிறுவனத்தில் பகல் முழுக்க லென்ஸும் கையுமாக இருந்து கண் வலிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சொட்டு மருந்தை மறக்காமல் போடுங்கள். சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் வாய் இன்னும் கசக்கிறதாம். கடையின் இரும்புக் கதவு மறுபடியும் மக்கர் செய்கிறது.

வியாபாரம் பரவாயில்லை. பழைய ரூபாய் நோட்டு என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் நன்றாகப் பார்த்த பிறகே வாங்குகிறேன். போன வாரம் ஒருவர் தேநீரில் நனைத்துக் காயவைத்த நகலை நூறு வருஷத்து நோட்டு என்று நீட்டினார். முகர்ந்து பார்த்தே திருப்பி அனுப்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை டைப்பிஸ்ட் அம்மாள் வந்தார். முன்பு எதிர்மாடியில் தட்டச்சு நிலையம் வைத்திருந்தவர். சும்மா தெரிந்தவர் என்று நீங்கள் ஒரு தடவை சொன்ன அதே ஆள்தான். தலை நரைத்துவிட்டது. ஆனாலும் லட்சணமாகத்தான் இருக்கிறார், அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. கைப்பையிலிருந்து கப்பல் படம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்து வைத்து, “உங்க கல்யாணத்துக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரர் குடுத்ததும்மா. வீட்டைக் காலி பண்றேன். அசலா, டூப்ளிகேட்டான்னு பார்த்துச் சொல்லுங்க” என்றார்.

டூப்ளிகேட்டாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே வாங்கினேன். விரலில் மை மேடு தட்டியது. வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள்ளிருந்து நீர்க்குறி தெரிந்தது. நகல் தாள்தான் ஊதா விளக்கில் மின்னும்; இது மங்கலாகவே கிடந்தது. லென்ஸில் நகல் அச்சுக்கு வரும் புள்ளி ஒன்றுகூட இல்லை, எல்லாம் முழுக்கோடு.

நகல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அவர் என் முகத்தையே நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “அசல்தாங்க” என்றேன். “அப்பவே சொன்னாரு, நான்தான் நம்பல” என்று சிரித்தார்.

திருப்பிக் கொடுக்கும்போதுதான் வரிசை எண்ணைப் பார்த்தேன். எனக்கு மனப்பாடமான எண். கல்யாணத்தன்று நீங்கள் எனக்குத் தந்து, “இது ஒண்ணுதான் இருக்கு, உனக்குத்தான்” என்றீர்களே, நம் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் அந்த நோட்டின் எண். ஒரே எண்ணில் இரண்டு அசல் இருக்காது என்பது எனக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து சட்டத்தைக் கழற்றினேன். ஊதா விளக்கின் கீழே சலவைச் சட்டைபோல் பளீரென்று மின்னியது. லென்ஸில் கப்பல் முழுக்கப் புள்ளி. அவரிடம் இருப்பதைப் பார்த்து அடித்த நகல்தான் எனக்கு வந்திருக்கிறது. பெரியவள் என்னம்மா என்றாள். தூசி என்று சொல்லி மறுபடியும் மாட்டிவிட்டேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். எழுத்தில் நீங்கள் நன்றாகச் சமாளிப்பீர்கள். சீக்கிரம் நேரில் வாருங்கள். எதிரில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பொய்யாகவே இருந்தாலும், நான் நம்புகிற மாதிரி சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி