உங்கள் வாசலில் இப்போது நான் நிற்கிறேன்

என் அன்புக்குரிய ரூபி அக்கா,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு சேர்ச் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்பது யார் என்று அறிய ஆவலாக இருப்பீர்கள். சிரிக்காதீர்கள், நான்தான். மெல்பேர்ன் ஸ்பிரிங்வேலில் அரிசி பருப்பு விற்கும் அதே சிவநேசன், திருநீறு பூசிய நெற்றியோடு, ஞாயிறு காலைகளில் ஆங்கிலிக்கன் சேர்ச் படியில் நிற்கிறேன்.

நீங்கள் முதன்முதலில் என் கடைக்கு வந்தது வியாழக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பருப்பு வாங்க. விசா முடிவு வராமல் தவிப்பவர்கள், தனித்துப்போன முதியவர்கள், படிக்க வந்த பிள்ளைகள் என்று யார் வந்தாலும் சேர்ச் மண்டபத்தில் சமைத்துப் போடுகிறோம் என்றீர்கள். நான் முகத்துக்கு நேரே கேட்டேன்.

“உண்மையைச் சொல்லுங்கோ அக்கா. இதுவரைக்கும் எத்தினை பேரை மதம் மாத்திப் போட்டியள்?”

“ஒருத்தரையும் இல்லைத் தம்பி. உப்புக் கூடிப்போச்செண்டு ரெண்டு பேர் வராமல் விட்டவை, அவ்வளவுதான்.”

நான் நம்பவில்லை. சும்மா கொடுக்கிறவன் பின்னால் வேறு எதையோ விற்கிறான் என்பதுதான் நான் கண்ட வியாபாரம். சாமான் இறக்கும் சாக்கில் வந்து வந்து பார்த்தேன். ஒளித்து வைத்த சரக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஈரானியர் ஒருவர் மண்டப மூலையில் விரிப்பைப் போட்டுத் தொழுவார். அவர் எழும்பும்வரை குருவானவர் ஹெலன் மேசையை இழுத்துச் சத்தம் போடாமல் காத்து நிற்பார். அதை யாருக்கும் காட்டுவதற்காக அவர் செய்யவில்லை. நான் பார்த்ததே அவருக்குத் தெரியாது. அதைக் கண்ட பிறகுதான் எனக்குள் இருந்த சந்தேகக்காரன் வாயை மூடினான்.

அந்த டிசம்பர் நத்தாரை மறந்திருக்க மாட்டீர்கள். மரியாதைக்கு என்று ஆராதனைக்கு வந்தவன், எல்லோரும் வரிசையில் போகிறார்களே என்று நானும் போனேன். ஹெலன் என் கையில் வைத்த திருவிருந்து அப்பத்தை, அங்கேயே உண்ண வேண்டியது என்று தெரியாமல், கோயில் பிரசாதம் போல வீட்டிலிருக்கும் மனைவி வசந்திக்கென்று ரிஷுத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் போட்டேன். பீடத்தைக் கவனிக்கும் கிரேயம் கிழவரின் முகம் வெளிறியது. பின்னால் நின்ற நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு, “தம்பி, அது பார்சல் கட்டுறேல்லை!” என்றீர்கள்.

ஹெலன் என்னை வெட்கப்படுத்தவில்லை. அப்பத்தைப் பக்குவமாக வாங்கிக்கொண்டார். “அடுத்த முறை மனைவியையும் கூட்டிவாருங்கள். கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு வந்தால், அப்பத்துக்குப் பதிலாக இருவரையும் ஆசீர்வதிப்பேன்” என்றார். வந்தோம். தங்கள் வழக்கத்தையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை, எங்களையும் வெளியே நிறுத்தவில்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்ய எத்தனை பேருக்குத் தெரியும், அக்கா?

இனி இப்போதைய புதினம். உங்கள் இடத்துக்கு ஆள் வேண்டும் என்று சபைக் கமிட்டி கூடியது. வாசலில் நிற்பவருக்கு முகமும் பெயரும் மறக்கக்கூடாது, அந்த விஷயத்தில் சிவநேசனை மிஞ்ச ஆளில்லை என்று ஹெலன் சொல்லி, என்னையும் கூப்பிட்டிருந்தார். கிரேயம் மறுத்தார். அந்தச் சபையில் மறுக்கிறவரைத்தான் முதலில் பேசவிடுவார்கள், குறுக்கே ஒரு சத்தம் வராது. எங்கள் ஊர்ச்சங்கக் கூட்டமாக இருந்தால் கதிரைகள் பறந்திருக்கும்.

“சிவாவோடு எனக்கு ஒரு பகையும் இல்லை” என்றார் கிரேயம். “ஆனால் புதிதாக வருகிறவர் நீங்கள் எதை நம்புகிறீர்கள் என்று கேட்டால், இவர் என்ன சொல்வார்?”

நியாயமான கேள்வி. “தெரியாது என்று சொல்லி உங்களிடம் கூட்டிக்கொண்டு வருவேன்” என்றேன். “கடையிலும் அப்படித்தான். இல்லாத சாமானை இருக்கிறது என்று நான் சொல்வதில்லை.”

கிழவர், “அப்படியானால் முதலில் கொஞ்ச நாள் நானும் பக்கத்தில் நிற்கிறேன்” என்றார். கண்காணிக்கவா, துணைக்கா? இன்றுவரை நான் கேட்கவில்லை.

முதல் ஞாயிறே சோதனை வந்தது. தெருவின் எதிர்ப்பக்கம் ஒரு கார் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள், ஒருவன் தமிழன், மற்றவன் வெள்ளைக்காரன், முப்பது வயது மதிக்கலாம். கைகோர்த்து வந்தவர்கள் என்னைக் கண்டதும் கையை விட்டார்கள். தமிழன் திரும்பிக் கார்க் கதவைத் திறந்தான். எனக்கு உடனே விளங்கியது. அவன் பயந்தது சேர்ச்சுக்கு அல்ல, படியில் நிற்கும் தமிழ் அங்கிளுக்கு. எல்லோருக்கும் திறந்த கதவு என்று நீங்கள் காத்த வாசலை என் நெற்றித் திருநீறே அடைத்துக்கொண்டு நின்றது.

நீங்கள் யாரையும் கையசைத்துக் கூப்பிட்டதில்லை. இறங்கிப் போய்ப் பக்கத்தில் நிற்பீர்கள், வேறு கதை பேசுவீர்கள். நானும் தெருவைக் கடந்தேன்.

“தம்பி, காரை உதிலை விட்டால் டிக்கெட் எழுதுவாங்கள். உள்ளை இடமிருக்கு, கொண்டந்து விடுங்கோ.”

அவன் நிலத்தைப் பார்த்தான். “நீங்கள் கடை அங்கிள்தானே? அம்மா உங்கட கடைக்குத்தான் வாறவ. ப்ளீஸ் அங்கிள், சொல்லிப்போடாதேங்கோ.”

“ஆர் என்ன வாங்கினதெண்டு நான் அடுத்த வீட்டுக்குச் சொல்லுறேல்லைத் தம்பி. சொன்னால் கடை நடத்தேலாது. இதுவும் அப்பிடித்தான்.”

வெள்ளைக்காரப் பெடியன் என்ன பேச்சு என்று கேட்டான். “பார்க்கிங்” என்றான் நம்முடையவன். சிரிப்பு வந்துவிட்டது மூன்று பேருக்கும். உள்ளே கிரேயம் அவர்களை எங்கே உட்கார்த்தினார் தெரியுமா? நீங்கள் வழக்கமாக உட்கார்ந்திருந்த வாங்கில். மறுபடி அவர்கள் கைகோர்த்ததைப் பார்த்துவிட்டு, பாட்டுப் புத்தகத்தை இருவருக்கும் நடுவில் பிடிக்கக் கொடுத்தார்.

அவனுடைய அம்மா வழக்கம்போலக் கடைக்கு வருகிறார். போன கிழமை முருங்கைக்காயைப் பொறுக்கியபடி, “என்ர பெடியன் ஞாயிறிலை எங்கை போறானெண்டு சொல்லுறானில்லை அண்ணை. கேட்டால் அவனுக்குக் கோவம் வருது” என்றார். பொறுக்கிய காய்களைத் திரும்பப் பெட்டியிலேயே போட்டார்.

“நல்ல இடத்துக்குத்தான் போவான் தங்கச்சி” என்றேன். அதற்கு மேல் சொல்ல அது என் சரக்கு அல்ல. ஆனால் வீட்டுக்கு வந்தும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது அவனுக்குச் செய்யும் நன்மை. அந்தத் தாய்க்கு?

அவனிடமே போய்க் கேட்டேன். உங்களுக்கு எழுதப்போகும் கடிதத்தில் இதையும் சேர்க்கட்டுமா என்று. அக்காவின் நினைவு மலரில் வரும், பலபேர் வாசிப்பார்கள், பெயர் போடமாட்டேன், ஆனாலும் அம்மாவின் கையில் கிடைத்தால் கண்டுபிடித்துவிடுவார் என்றேன்.

“வாசிக்கட்டும் அங்கிள்” என்றான்.

ஆகவே எழுதிவிட்டேன். அக்கா, இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. அந்தத் தாய் ஒரு ஞாயிறு வந்து, உள்ளே வரவும் முடியாமல் திரும்பிப் போகவும் முடியாமல் எதிர்ப்பக்கம் நின்றால், நான் படியிறங்கிப் போவேன். பக்கத்தில் நிற்பேன். முதலில் பார்க்கிங்கைப் பற்றித்தான் பேசுவேன்.

உங்கள் உடன்பிறவாத் தம்பி, கடைக்காரன்
சிவநேசன்