சிறுவாணித் தண்ணீர்

14.5.96, செவ்வாய்
போத்தனூர், அண்ணன் வீடு

மஸ்கட்டிலிருந்து காலையில் வந்து சேர்ந்தோம். செருப்பைக் கழற்றும்போதே அண்ணன் மனைவி, எங்கள் நங்கை, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். ஒரே மூச்சில் குடித்தேன். "இந்த ருசி வேற எங்கயும் வராதுங்க. சிறுவாணி சிறுவாணிதான்" என்றேன். அண்ணன் தலையாட்டினார். நங்கை சிரித்தார்.

மகள் மீனு ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "உப்பா இருக்கும்மா. நம்ம வீட்டுத் தண்ணி மாதிரி இல்ல."

நம்ம வீடு என்று அவள் சொன்னது மஸ்கட்டை. எனக்குச் சுருக்கென்றது. பாட்டில் தண்ணீர் குடித்து நாக்கே செத்துப்போச்சு என்று எல்லோர் முன்னாலும் திட்டினேன். அப்புறம் நாள் முழுக்க மோர்தான் குடித்தாள்.

ராத்திரி பாத்திரம் ஒதுக்கும்போது நங்கை மெதுவாகச் சொன்னார். "கொழந்தைய வையாதீங்க அம்மணி. கொழாயில சிறுவாணி வந்தே பத்து நாளாச்சுங்க. அது போர் தண்ணியக் காய்ச்சி வெச்சது. நீங்க அவ்வளவு சந்தோசமாக் குடிச்சீங்க, எப்படிங்க சொல்றது?"

அண்ணனுக்கும் தெரியும். மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். கோபம் யார் மேல் என்றுகூடத் தெரியவில்லை. ஆறு வருஷமாக மஸ்கட்டில் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இந்தத் தண்ணீர்ப் பெருமைதான் பேசுகிறேன். ஊருக்கே திரும்பிவிடலாம் என்று வீட்டுக்காரரை நச்சரிப்பதும் நான்தான்.

மீனு பக்கத்தில் தூங்குகிறாள். தலைமாட்டில் நங்கை வைத்துவிட்டுப் போன சொம்பு இருக்கிறது. இப்போது மெதுவாக ஒரு வாய் குடித்துப் பார்த்தேன்.

உப்புத்தான்.